கேமராவை விற்கலாம், கார்டை விற்கலாகாது

தில்லியில் பழைய கேமராவை விற்க வழி கேட்டால், சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தையைத்தான் பலரும் காட்டுவர். அங்குப் பணம் உடனே கைக்கு வரும். ஆனால் மறுவிற்பனை இலாபத்தைக் கழித்துக்கொண்டே கடைக்காரர் விலை சொல்வார். களப்பணிக்குப் புறப்படும் இளைய ஆய்வாளரிடம் நேரடியாக விற்பதே இருவருக்கும் இலாபம் என்பேன். பாடியையும் லென்ஸையும் தனித்தனியே விலை பேசுங்கள். மிரர்லெஸ் வரவால் டிஎஸ்எல்ஆர் பாடியின் மதிப்பு சரிந்துவிட்டது; பூஞ்சை படியாத கேனான் இஎஃப் லென்ஸோ அடாப்டர் வழியே அந்நிறுவனத்தின் புதிய மிரர்லெஸ் பாடிகளிலும் பொருந்தும். ஷட்டர் எண்ணிக்கையை மறைக்காதீர்கள்.

சற்றுக் கூடுதல் விலைக்காக மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. நம் முன் அமர்ந்து பேசியவர்கள் ஒப்புதல் அளித்தது நம் ஆய்வுக்கு மட்டுமே. வெறுமனே ஃபார்மட் செய்த கார்டிலிருந்து அவர்களுடைய முகத்தையும் குரலையும் மீட்டுவிட முடியும்.