குளிருக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். அம்மா மாசாமாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் உங்க கைக்கு வருது. ‘உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோடா’ன்னு பெரிய மனசோட சொல்லிட்டாங்க. நீங்களோ ராத்திரியானா மொட்டை மாடியில மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிற பார்ட்டி. நெபுலாவைப் படம் பிடிக்கணும்னு வெறி. இந்த நேரம் பார்த்து ஒரு சீனியர் தன்னோட பழைய கூல்டு சிசிடி கேமராவை விற்கிறார். விலை? கிட்டத்தட்ட அந்தச் சீட்டுப் பணம் மொத்தமும்! இன்னொரு பக்கம் ரூம்மேட்டோட டிஎஸ்எல்ஆர் அலமாரியில சும்மா தூங்குது. என்ன பண்ணுவீங்க?

நான் முழிச்சேன். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன்.

முதல்ல மேட்டர் என்னன்னு பார்த்துடலாம். கேமரா சென்சார்ங்கிறது வெளிச்சம் பட்டா எலெக்ட்ரான் சேர்க்கிற ஒரு சில்லு. வில்லங்கம் என்னன்னா, வெளிச்சமே படலைன்னாலும் சூட்டுல தானாவே எலெக்ட்ரான் கிளம்பும். இதுக்குப் பேர் டார்க் கரன்ட். (செமிகண்டக்டர் பேப்பர்ல அரியர் வெச்சவனுக்கு இதெல்லாம் லேட்டாத்தான் புரியும்!) கல்யாண வீட்டு போட்டோ ஒரு செகண்டுல நூறுல ஒரு பங்கு நேரத்துல முடிஞ்சுடும். அதுல இந்த எலெக்ட்ரான் கண்ணுக்கே தெரியாது. ஆனா நெபுலாவுக்கு ஒரு படத்துக்கே 5 நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைக்கணும். அப்போ படம் முழுக்க கடுகு தாளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா வந்து நிக்கும்.

கூல்டு சிசிடியில சில்லோட முதுகுல ஒரு பெல்டியர் இருக்கும், அதுக்குப் பின்னாடி ஃபேன். வெளியில 26 டிகிரின்னா உள்ள மைனஸ் 10 வரைக்கும் இறக்கலாம். தோராயமா 6 டிகிரி குறைஞ்சா டார்க் கரன்ட் பாதியாகும். 36 டிகிரிக்கு ஆறு தடவை பாதியாக்குங்க... 64ல் ஒரு பங்கு! ஐரோப்பாக்காரங்க பனிக்காலத்துல டிஎஸ்எல்ஆரை வெச்சே கலக்கறாங்கன்னா, அவங்க ஊர்க் குளிரே பாதி வேலையைச் செஞ்சுடுது. நம்ம ஊர்ல அந்தக் குளிரைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

‘லென்ஸை மூடிட்டு ஒரு டார்க் ஃப்ரேம் எடுத்துக் கழிச்சா போச்சே’ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆனா கழிக்க முடியறது சராசரியை மட்டும்தான், ஏற்ற இறக்கத்தை இல்லை. உதாரணத்துக்கு 6400 எலெக்ட்ரான் சேர்ந்தா, அது 80 முன்ன பின்ன ஆடும். 100 சேர்ந்தா 10தான் ஆடும். வர்க்கமூலக் கணக்கு. ஆக, டார்க் கரன்ட் 64 மடங்கு குறைஞ்சாலும் நாய்ஸ் குறையறது 8 மடங்குதான்.

இந்த இடத்துலதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. அதே 8 மடங்கை வேற வழியிலயும் சம்பாதிக்கலாமே! 64 படம் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி சராசரி எடுத்தா, நாய்ஸ் அதே 8 மடங்கு குறையும். 5 நிமிஷப் படம் 64 எடுக்க 5 மணி 20 நிமிஷம். அதாவது சூட்டு நாய்ஸைப் பொறுத்தவரை, அந்த கேமரா ஒரு ஷாட்ல தர்றதை டிஎஸ்எல்ஆர் ரெண்டு மூணு ராத்திரியில தரும். சீனியர் என்கிட்ட விற்க வந்தது நேரத்தைத்தான். நமக்குக் காசு கம்மி. ராத்திரிகள்?

சும்மா பேப்பர்ல போட்ட கணக்கை நம்பக் கூடாதுன்னு, ஜனவரியில அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்குக் கிளம்பிட்டோம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற காவலூரும் இதே மலையிலதான். கிளப்போட சின்ன டெலஸ்கோப், ஒரே மவுண்ட், ரெண்டு கேமராவையும் மாத்தி மாத்தி மாட்டினோம்.

ஓரியன் உச்சிக்குப் பக்கத்துல வந்துச்சு. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கீழ மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கே, அதுல இடது ஓர நட்சத்திரத்துக்கு அடியிலதான் குதிரைத்தலை நெபுலா. 1888ல ஹார்வர்டுல எடுத்த போட்டோ தகட்டுல வில்லியமினா ஃப்ளெமிங் கண்டுபிடிச்சது. சிசிடியில ஹெச்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டு 5 நிமிஷம் வெச்சோம். லேப்டாப்புல குதிரை அப்படியே நின்னுச்சு! டிஎஸ்எல்ஆர்ல அதே 5 நிமிஷம்... ஏதோ கறை மாதிரி ஒண்ணு.

இதுக்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை. அந்த நெபுலாவுக்குப் பின்னாடி இருக்கிற ஹைட்ரஜன் 656 நானோமீட்டர்ல சிவப்பா ஒளிருது. டிஎஸ்எல்ஆர் முன்னாடி இருக்கிற ஃபில்டர் அதுல பெரும்பகுதியைத் தடுத்துடும். நம்ம மூஞ்சி இயல்பான கலர்ல தெரியணுமே! போதாக்குறைக்கு, அதுல நாலு பிக்சலுக்கு ஒண்ணுதான் சிவப்பைப் பார்க்கும். சீனியரோட கறுப்பு வெள்ளை சிசிடியில எல்லா பிக்சலும் வேலை செய்யும். ஸோ, குதிரைத்தலை ரவுண்டுல சிசிடி வின்னர். மறுக்கவே மாட்டேன்.

அடுத்தது மூணு நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கிற ஓரியன் நெபுலா. இது செம பிரைட். டிஎஸ்எல்ஆர்ல ஒரே ஷாட்ல இளஞ்சிவப்பு, நீலம்னு கலரோட வந்துச்சு. சிசிடியில கலர் வேணும்னா சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா எடுத்துச் சேர்க்கணும். ரெண்டாவது ஃபில்டர் மாத்தும்போது மணி ஒண்ணு. லேப்டாப் சார்ஜ் காலி. கூல்டு சிசிடிக்கு லேப்டாப்பும் வேணும், 12 வோல்ட் பேட்டரியும் வேணும். டிஎஸ்எல்ஆர் மட்டும் ஒரு டைமர் ரிமோட்டோட ‘க்ளிக்... க்ளிக்...’னு விடிய விடிய ஓடுச்சு.

1880 செப்டம்பர் 30ல இதே ஓரியன் நெபுலாவை உலகத்துலயே முதல்ல படம் பிடிச்சவர் அமெரிக்காவோட ஹென்றி டிரேப்பர். 51 நிமிஷ எக்ஸ்போஷர். 1882 மார்ச்ல அதையே 137 நிமிஷம் திறந்து வெச்சார். முதல் படத்துல தெரியாத மங்கலான விளிம்பெல்லாம் அதுல வந்துடுச்சு. அவரும் நேரத்தைக் கொட்டித்தான் வாங்கியிருக்கார், பாஸ்!

சரி, உங்களுக்கு என்ன சொல்றது? ‘என் படத்தைக் கெடுக்கிறது எது?’ன்னு முதல்ல கேளுங்க. சென்னை மொட்டை மாடின்னா தெருவிளக்கு வெளிச்சம்தான் வில்லன். ஹெச்-ஆல்ஃபா மாதிரி குறுகலான ஃபில்டர் இல்லாம அங்க மைனஸ் 10 டிகிரி இருந்தும் பெருசா பிரயோஜனம் இல்லை. நட்சத்திரம் கோடு கோடா வருதுன்னா மவுண்ட்தான் வில்லன். ஓரியன் பகுதி வானத்துல செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் நகருது. 200 மிமீ லென்ஸ், 5 மைக்ரான் பிக்சல்னா, மூணுல ஒரு செகண்டுல ஒரு பிக்சலைத் தாண்டிடும். இருட்டான வானம், நல்ல மவுண்ட் ரெண்டும் அமைஞ்ச பிறகும் படம் புள்ளி புள்ளியா இருந்தா, அப்போ குளிருக்குக் காசு கொடுங்க. அப்பவும் சிசிடிதான் வேணும்னு இல்லை. சோனி சிசிடி தயாரிப்பை நிறுத்திடுச்சு. இப்போ புதுசா வர்ற கூல்டு கேமராக்கள் பெரும்பாலும் சிமாஸ். கேமரா மாறினாலும் கணக்கு இதேதான்.

நான் என்ன பண்ணேன்? சீட்டுப் பணத்துல பாதியைக் கொடுத்து, வானத்தோட சேர்ந்து சுத்துற ஒரு சின்ன மவுண்ட் வாங்கினேன். மீதியை அம்மாகிட்டயே கொடுத்துட்டேன். ரூம்மேட் கேமராவை இரவல் வாங்கி, பிப்ரவரியில மூணு ராத்திரி உட்கார்ந்து, சரியா 64 படம்.

அடுக்கி முடிச்சு அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. “இதைப் பார்க்கவா மூணு ராத்திரி தூங்கலை?”ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். “சரி, குதிரைன்னு ஏதோ சொன்னியே, அது எங்கடா?”ன்னாங்க.

அதுக்கு இன்னும் பதில் இல்லை. அம்மா அடுத்த சீட்டு சேர்ந்திருக்காங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!