இந்த அழுகைக்கும் ஆறுதல் வேண்டும்!

‘அதான் தீர்ப்பு வந்தாச்சே, இனி நிம்மதியா இரு!’ - விவாகரத்தானவர்களிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மனசு என்ன, கோர்ட் உத்தரவுக்கா கட்டுப்படும்? சாவு வீடென்றால் 16 நாள் வரை சொந்தபந்தம் வந்து போகும். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். மணமுறிந்து வந்தவளுக்கோ, ‘யார் மேல தப்பு?’ என்ற கேள்விதான் வரும்!

இதுவும் இழப்புதாங்க. அடித்து உதைத்தவனைப் பிரிந்தவள்கூட அழுவாள். அவனுக்காக அல்ல, கண்ட கனவுக்காக. அழட்டும், விடுங்கள். ‘ஆம்பளை அழலாமா?’ என்று மகனையும் அடக்காதீர்கள். விசாரணை வேண்டாம், சோறு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். 2 வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, பசியில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாகணும் என்ற பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அரசின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.