கூந்தலில் ஏறிய மலர்

உருவப்படம் எழுதும் ஓவியன் காரணமின்றி அதில் மலரைச் சேர்ப்பதில்லை. ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் 1532-இல் லண்டனில் எழுதிய ஜார்ஜ் கீஸே என்பவனின் படம் இன்று பெர்லினில் உள்ளது. டான்ஸிக் நகரத்து வணிகனான கீஸே, நம் முன்னோரைப் போலவே, பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியிருந்தவன். கையில் சகோதரனின் கடிதம். எதிரே மேசைமீது கண்ணாடிக் குவளையில் கார்னேஷன் மலர்கள். அந்நாளில் ஐரோப்பாவில் அம்மலர் திருமண நிச்சயத்தின் அடையாளம். அக்காலத்தவருக்கு அது கண்டவுடன் விளங்கியிருக்கும்; நமக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

மொகலாயச் சக்கரவர்த்திகள் படங்களில் மலரேந்தி நிற்பதோ வேறு வகை. வாள் பிடித்த கைக்கு மென்மையும் தெரியும் என்பது அதன் குறிப்பு.

நம் பெண்களின் படங்களில் மலர் கையை விட்டுக் கூந்தலில் ஏறிவிடுகிறது. 1885-இல் சாமராஜேந்திர உடையாரின் அழைப்பின்பேரில் மைசூருக்கு வந்து அரச குடும்பத்தாரை எழுதிய ரவிவர்மாவுக்கு, 1873-இலேயே வியன்னாக் கண்காட்சியில் பரிசு தேடித் தந்தது, முல்லைச்சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் மாதின் படம்.

அக்ரஹாரத்துப் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் புகைப்படங்களையும் இந்த வரிசையிலேயே வைக்கவேண்டும். கன்னடத்தார் ‘மொக்கின ஜடெ’ என்பார்களே, அவ்வாறு மல்லிகை மொக்குகளால் தைத்த ஜடையுடன் சிறுமியோ மணப்பெண்ணோ நிற்பாள். முகமும் தெரியவேண்டும், ஜடையும் தெரியவேண்டும். ஆகையால் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்துப் படம் பிடித்தார்கள். எந்த ஓவியனுக்கும் குறையாத சாமர்த்தியம் என்பேன்!

அதே சுவரில் இருக்கும் குடும்பப் படத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஓரத்தில் பூவின்றி, பொட்டின்றி ஓர் அத்தைப்பாட்டி அமர்ந்திருப்பாள். இருபது வயதில் கணவனை இழந்தவளானாலும் அவளுக்கு மலர் இல்லை என்று விதித்தது நம் சமூகம். ஐரோப்பியரின் குறியீட்டுக்கு விளக்கம் வேண்டும். நம்முடைய குறியீட்டை ஐந்து வயதுக் குழந்தையும் படித்துவிடும். அதன் கொடுமையும் அதுவே. உயிரோடிருந்தவரை மறுக்கப்பட்ட பூ, இறந்தபின் அவள் படத்துக்கு மாலையாக வந்தது.

பழைய படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதிவைக்க எண்ணும் அன்பர்கள், அந்த ஓரத்து உருவத்திலிருந்து தொடங்குமாறு வேண்டுகிறேன். மற்றவர்களின் பெயர்கள் பேரன் பேத்திகளின் பெயர்களில் வாழும். அவள் பெயரை அறிந்தவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருப்பார்கள்.