தீட்டுக் கழிக்கும் சிவப்பு மசி

"உள்ளடக்கம் அபாரம். மொழியை மட்டும் கொஞ்சம் செம்மைப்படுத்தணும்."

நம் பிள்ளைகளின் கையெழுத்துப் பிரதி பதிப்பகத்து மேசைக்குப் போனால் இந்த வாக்கியத்தோடுதான் திரும்பி வருகிறது. செம்மை என்றால் என்ன? கஞ்சி உணவாகும். ஆத்தா தாயாராவாள். 'எங்கள அடிச்சானுங்க' என்பது 'நாங்கள் தாக்கப்பட்டோம்' என்றாகும். கவனியுங்கள் தோழர்களே, சுத்தமானது மொழி மட்டுமல்ல. அடித்தவன் வாக்கியத்தை விட்டே தப்பி ஓடிவிட்டான். இதுக்குப் பேரு எடிட்டிங் இல்லை, தீட்டுக் கழிப்பு.

அடுத்தவனைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பகலில் வங்கிக் கவுண்டர், ராத்திரியில் தம்பி தங்கைகள் தரும் பிரதிகளைத் திருத்துவது என்று சில வருஷமாக ஓடுகிறது. ஒரு தங்கச்சியின் தன்வரலாற்றில் அடித்தவர்களின் சாதிப் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'ஆதிக்க சாதியினர்' என்று மாற்றினேன். பதிப்பாளர் பயப்படுவதற்கு முன்பே நான் பயந்தேன். அவள் கேட்டாள்: "அண்ணே, எங்கப்பன அடிச்சவனுக்குப் பேரு இருக்கு. அத எதுக்கு அழிச்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அழித்ததையெல்லாம் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் பார்த்ததும், வேதங்களைத் தாக்கும் பகுதிகளை நீக்கச் சொன்னது. இத்தனைக்கும் சாதியை ஒழிக்கக் கிளம்பிய சீர்திருத்தக்காரர்கள்! அண்ணல் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். அவர் தலைமையில் அந்த மாநாடு நடக்கவேயில்லை. 'சாதி ஒழிப்பு' உரையைச் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன.

அப்படியானால் திருத்தவே கூடாதா? கண்டிப்பாகத் திருத்த வேண்டும். நம் எழுத்திலும் சளசளப்பு உண்டு, குழப்பம் உண்டு, சொன்னதையே சொல்வதும் உண்டு. 1914இல் மறைந்த அயோத்திதாசரின் எழுத்துகளைப் பழைய 'தமிழன்' இதழ்களிலிருந்து திரட்டி 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தாரே, அதுவும் பதிப்பாசிரியர் வேலைதான். அது புதைந்ததைத் தோண்டி எடுத்தது. இவர்களின் செம்மையோ உயிரோடு புதைக்கிறது.

கேள்வி ஒன்றுதான். திருத்துகிறவர் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்? லண்டனிலும் நியூயார்க்கிலும் எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேச இலக்கிய முகவர் உண்டு. எழுத்தாளரின் உள்நாட்டு வருமானத்தில் வழக்கமாக 15 சதவீதம் அவருக்கு. எழுத்தாளருக்குக் கிடைத்தால்தான் அவருக்கும் கிடைக்கும். இங்கே நம் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? வட்டிக்காரன் நீட்டிய வெற்றுப் பத்திரத்தில் அப்பன் கைநாட்டு வைத்த மாதிரி, படித்த நாமும் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். 19ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையெழுத்திட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 57ஆம் பிரிவு இன்னும் முக்கியம். உரிமையையே விற்றிருந்தாலும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் நீங்கள் வழக்குப் போடலாம்.

காலேஜில் படிக்கும் தோழர்களே, கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறோம். மெய்ப்புப் பார்க்க, ஒப்பந்தம் படிக்க, பதிப்பாளரிடம் 'இந்தச் சொல் இருக்கும்' என்று நின்று பேச ஆள் வேண்டும். அதையும் இயக்க வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் புத்தகம் இன்னும் வரவில்லை. அடித்தவன் பெயரோடு போடத் துணியும் பதிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் என்ன, 1936ஆம் வருடத்து வழி இருக்கவே இருக்கிறது.