லாட் நம்பர் இல்லாத கத்ரி

போன வாரம் மாமா வீட்டுப் பரணில் ஒரு கேசட் சிக்கியது மக்களே. மேலே பால்பாயின்ட் பேனாவில் 'சாக்ஸபோன் - ரேடியோ', அவ்வளவுதான். ஆகாசவாணியில் வந்த கத்ரி கோபால்நாத் கச்சேரி. கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்டால், மனுஷன் கல்யாணவசந்தத்தில் குழைகிறார். (டூயட் படத்தை டேப் தேயத் தேயக் கேட்ட காது, அந்த ராகம் மட்டும் தப்பாது.) மிருதங்கம் யாருங்க மாமா என்றேன். "அதெல்லாம் மொதல்லயே ரேடியோவுல சொல்லிப்போடுவாங்க கண்ணு. டேப்பு வேஸ்ட்டாப் போகும்னு, பேச்சு முடிஞ்சதுக்கப்புறந்தான் நானு அமுக்குவேன்" என்றார்.

ஙே!

இந்தக் கடுப்பில் இருக்கும்போதுதான் நண்பர் ஒருவர் கத்ரிக்கு டிஜிட்டல் காப்பகம் டிசைன் செய்திருப்பதாகக் காட்டினார். முதல் பக்கத்தில் தங்க நிற சாக்ஸபோன் சுற்றுகிறது, ஸ்வரங்கள் பறக்கின்றன. பாட்டுக்குக் கீழே என்ன விவரம் என்று பார்த்தால் 'டிராக் 1', 'டிராக் 2'. இது கல்யாணப் பத்திரிகைங்க, காப்பகம் இல்லை. சொன்னேன், கோபம் வந்துவிட்டது. வரட்டும்.

அவிநாசிபாளையத்தில் இருந்து திருப்பூர் வரைக்கும் எந்த பனியன் யூனிட்டில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ஒவ்வொரு துணி ரோலிலும் சாய லாட் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். ஒரே நேவி ப்ளூதான், ஆனால் உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டினால் ஷேடு காட்டிக் கொடுத்துவிடும். சீட்டு இல்லாத ரோலை கட்டிங் டேபிளில் ஏற்றவே மாட்டார்கள். ஒரு பனியனுக்கு இவ்வளவு மரியாதை. கத்ரிக்கு 'டிராக் 2'.

இப்போது என்ன நடக்கிறது என்றால், ஒரே ஆள் மூன்று அலமாரியில் கிடக்கிறார். 1994ல் வந்த டூயட், ஏ.ஆர்.ரஹ்மான் பெயரில். 2008ல் வந்த 'கின்ஸ்மென்', அமெரிக்க சாக்ஸபோன்காரர் ருத்ரேஷ் மகந்தப்பா பெயரில், ஜாஸ் அலமாரியில். கச்சேரிகள் எல்லாம் 'பக்தி', 'இன்ஸ்ட்ருமென்டல் தொகுதி 3' வகையறாவில். கச்சேரிகளில் வருஷக்கணக்காக அவர் கூட வயலின் வாசித்த கன்யாகுமரி அம்மாதான் கின்ஸ்மெனிலும் வாசித்திருக்கிறார். அவர் பெயரைத் தட்டினால் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாமா? கல்யாணவசந்தத்தைத் தட்டினால் சினிமாவும் சபாவும் ஒன்றாக வர வேண்டாமா? இன்டராக்டிவ் என்றால் எனக்கு இதுதான். சாக்ஸபோன் சுற்றுவது அல்ல.

ஜாஸ் ரசிகர்கள் இதை எப்பவோ செய்துவிட்டார்கள். சார்ல்ஸ் டெலோனே என்ற பிரெஞ்சுக்காரர் 1936லேயே 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்று புத்தகமே போட்டார். எந்தத் தட்டு, யார் யார் வாசித்தது, எப்போது பதிவானது, தட்டில் பொறித்த நம்பர் என்ன என்று தேடித் தேடி. கம்ப்யூட்டர் கிடையாது, அனிமேஷன் கிடையாது. நம்ம சங்கீதத்துக்கும் ஆட்கள் இல்லாமல் இல்லை. சங்கீதப்ரியா தளத்தில் தன்னார்வலர்கள் கச்சேரி கச்சேரியாகச் சேர்த்தார்கள். பார்சிலோனா பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் 'துனியா'வில் கர்நாடக சங்கீதத்தை ராகம், கலைஞர் என்று போய்த் தேடலாம், சுருதி ஏறி இறங்குவதைக் கோடாகப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். ஸ்பெயின்ல பண்றான் சாமி!

"ஏஐ கேட்டு எல்லாம் கண்டுபிடிச்சிரும் பாஸ்" என்கிறார் நண்பர். ராகத்தைச் சொல்லும், சரி. எந்த ஊர், எந்த வருஷம், யார் பதிவு செய்தது என்பதெல்லாம் டேப்பில் இல்லையே, மாமாவின் மண்டையில் அல்லவா இருக்கிறது? கத்ரியிடமே கேட்டிருக்கலாம். 2019 அக்டோபரில் போய்விட்டார்.

ரேடியோ பதிவை இஷ்டத்துக்கு வலையேற்ற முடியாது, உரிமைச் சிக்கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் போட யார் தடுத்தார்கள்? சத்தம் பூட்டிக் கிடந்தாலும் சீட்டு வெளியே தொங்கலாமே. அதில் 'தெரியவில்லை' என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டும், தெரிந்தவர் வந்து திருத்த ஒரு வழி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் ஆரம்பித்தோம். வருஷம்: "நம்ம சின்னவ பொறந்த வருசமுங்கடா", அதாவது 1995. ராகம்: கல்யாணவசந்தம். வயலின்: கன்யாகுமரி (மாமா ஞாபகம், உறுதி இல்லை). மிருதங்கம்: தெரியவில்லை.

டிஸ்கி: வாசிப்பைக் கேட்டே மிருதங்கம் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்க. கேசட்டோடு நேரில் வருகிறேன் :-)