தலையணையின் கீழ் ஒரு சித்திரக் கதை

சென்ற வாரம் அயல்வீட்டுத் தாயொருவர் கையில் ஒரு புத்தகத்துடன் நம் வீட்டுப் படியேறினார். 13 வயது மகளின் தலையணையின் கீழ் அதனைக் கண்டெடுத்தாராம். அட்டையிலே புதைகுழியினின்றும் எழுந்துவரும் ஓர் உருவம். உள்ளே பக்கந்தோறும் பயங்கரச் சித்திரங்கள். "அக்கா, இதை அடுப்பிலே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

"முதலில் தேநீர் அருந்துவோம், அடுப்பு எங்கும் ஓடிவிடாது" என்றேன். தேநீருடன் அவருக்குக் கூறிய வரலாற்றையே இவ்வாரம் வாசக நேயர்களுக்கும் கூற விழைகின்றேன். ஏனெனில், அவர் கேட்ட அதே கேள்வியை ஒரு காலத்தில் அமெரிக்க நாடு முழுவதுமே கேட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்நாட்டில் சித்திரக் கதைப் புத்தகம் 10 சதத்துக்கு விற்பனையாயிற்று. 1947இல் ஜோ சைமன், ஜக் கேர்பி என்னும் இருவர் 'யங் ரொமான்ஸ்' என்ற இதழைத் தொடங்கினர். காதலுக்கென்றே தோன்றிய முதற் சித்திரக் கதை இதழ் அதுவே. காதலித்து ஏமாந்த பெண், தாய் சொல்லைத் தட்டிய பெண், ஏழையை விரும்பிய பெண் என்றிவ்வாறு ஒவ்வொருத்தியும் தன் கதையைத் தானே கூறுவதாக அக்கதைகள் அமைந்தன. எழுதியவரும் வரைந்தவரும் பெரும்பாலும் ஆடவர் என்பது வேறு விஷயம். இளம் பெண்கள் அவற்றை விரும்பி வாங்கினர். இரண்டொரு ஆண்டுகளுள் பிற பதிப்பாளரும் டசின் கணக்கில் காதல் இதழ்களை வெளியிடலாயினர்.

அவர்களுள் ஒருவர் வில்லியம் கெயின்ஸ். விவிலியக் கதைகளைச் சித்திரமாக வெளியிட்டு வந்த தந்தையார் 1947இல் படகு விபத்தொன்றில் இறக்க, நிறுவனம் மகன் கைக்கு வந்தது. அவரும் முதலில் காதற் கதைகளை வெளியிட்டுப் பார்த்தார். பின்னர் 1950இல் அவற்றைக் கைவிட்டு, 'டேல்ஸ் ஃப்ரொம் த கிரிப்ட்' முதலான பேய்க்கதை இதழ்களின் பக்கம் திரும்பினார். ஆயினும் காதலை அவர் முற்றாக விட்டுவிட்டாரென்று சொல்வதற்கில்லை. காதல் இதழ்களின் கதை திருமணத்தில் முடிந்தது. இவருடைய கதைகளிற் பலவோ திருமணத்தின் பின்னரே தொடங்கின. மனைவியைக் கொன்ற கணவன், கணவனை ஏமாற்றிய மனைவி, பழிவாங்கப் புதைகுழியிலிருந்து எழுந்துவரும் பிணம் என்பனவே அவற்றின் பொருள்.

பெற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை. 1954இல் வெளிவந்த 'தி ஓர்பன்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். குடிகாரத் தந்தையைச் சுட்டுக் கொன்ற ஒரு சிறுமி, அப்பழியைத் தாயின்மீதும் அவள் காதலன்மீதும் சுமத்துகிறாள். அவ்விருவரும் மின்சார நாற்காலியில் இறக்க, அவள் தன் பிரியமான சிற்றன்னையுடன் இன்பமாக வாழ்கிறாள். இதனைத் தம் பிள்ளை தனியே வாசித்துச் சிரிப்பதைக் கண்டால் எந்தத் தாயின் நெஞ்சுதான் துணுக்குறாது?

அச்சம் பேய்க்கதைகளுக்கும் முந்தியே தொடங்கிவிட்டது. 1948இல் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் பாடசாலைப் பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று சித்திரக் கதைப் புத்தகங்களைத் திரட்டி வந்து தீமூட்டினர். இந்த அச்சத்துக்கு அறிவியலின் குரலாக வந்தவர் மனநோய் மருத்துவரான டொக்டர் பிரெட்ரிக் வேர்தாம்.

அவரைக் கொடியவரென்று எண்ணிவிடலாகாது. நியூயோர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், 1946இல், ஒரு தேவாலயத்தின் நிலவறையிலே ஏழைகளுக்கென மனநல மருத்துவமனை ஒன்றைத் தொடங்க முன்னின்றவர் அவர். கட்டணம் 25 சதம். வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் வெவ்வேறு பாடசாலை என்னும் முறை குழந்தை உள்ளத்தைப் புண்படுத்துகின்றது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரும் அவரே. அத்தகைய மனிதர் 1954இல் ஒரு நூலை வெளியிட்டு, பிள்ளைகள் குற்றவாளிகளாவதற்குச் சித்திரக் கதைகள் முக்கிய காரணமென்று கூறியபோது நாடே செவிசாய்த்தது.

அவ்வாண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, செனற் சபையின் விசாரணைக் குழு முன் கெயின்ஸ் தோன்றினார். வெட்டப்பட்ட பெண்ணின் தலையை ஒருவன் பிடித்திருக்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல இரசனையோ என்று வினவினர். பேய்க்கதை இதழுக்கு இது தகுந்ததே என்றும், தலையை இன்னும் சற்று உயர்த்திக் குருதி சொட்டக் காட்டியிருந்தால்தான் தகாது என்றும் அவர் விடையிறுத்தார். அந்த விடையே அவரது தொழிலுக்கு எமனாயிற்று.

அரசு சட்டம் இயற்றுமுன் பதிப்பாளர் தாமே ஒன்றுகூடி, அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்படுத்தினர். தலைப்பில் 'ஹொரர்' என்ற சொல்லே வரலாகாது. இரத்தம் குடிக்கும் பேய்க்கும் நடமாடும் பிணத்துக்கும் இடமில்லை. காதற் கதைகள் இல்லறத்தின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். மணமுறிவை விரும்பத்தக்கதாகக் காட்டலாகாது. பேய்க்கதைகள் மறைந்தன. காதற் கதைகள் பிழைத்தன. ஆனால் கொடுங்கணவனிடம் அகப்பட்டவள் வெளியேறி நலமாக வாழ்ந்தாள் என்று எழுத அவற்றில் இடமில்லாது போயிற்று.

தடையின் விலை இன்னுமொன்றுண்டு. கெயின்ஸ் 1953இல் 'ஜட்ஜ்மென்ட் டே' என்னும் கதையை வெளியிட்டிருந்தார். செம்மஞ்சள் நிற இயந்திர மனிதர் நீலநிற இயந்திர மனிதரை ஒதுக்கிவைக்கும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார். நிறவேற்றுமை ஒழியும்வரை நீங்கள் எம்முடன் சேரத் தகுதியற்றவர் என்று கூறித் திரும்புகிறார். கடைசிச் சித்திரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்பது வாசகருக்குத் தெரிகிறது. இதனை 1956இல் மீண்டும் அச்சிட முயன்றபோது, அம்மனிதர் கறுப்பராக இருத்தல் கூடாதென விதிகாப்போர் தடுத்தனர். கெயின்ஸ் பணிய மறுத்து, கதையை மாற்றாமலே வெளியிட்டார். அவர் வெளியிட்ட கடைசிச் சித்திரக் கதை இதழ் அதுவாயிற்று. அதன்பின் 'மாட்' என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையே அவருக்கு வாழ்வளித்தது.

பல ஆண்டுகள் சென்றன. வேர்தாமின் கையெழுத்துக் குறிப்புகள் 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. கரோல் டில்லி என்னும் பேராசிரியை அவற்றை நூலுடன் ஒப்புநோக்கி, 2012இல் தம் முடிவை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னதை டொக்டர் பல இடங்களில் மாற்றியிருந்தார்; பலர் கூற்றை ஒருவர் கூற்றாக்கியிருந்தார்; அவர்கள் வாழ்வில் இருந்த வேறு துன்பங்களைக் கூறாது விட்டிருந்தார். பிள்ளைகளைக் காக்கப் புறப்பட்டவர் பிள்ளைகளின் சொல்லையே திரித்துவிட்டார். கடைசிவரை அவ்விதிகளைப் பின்பற்றிய பதிப்பகங்களும் 2011இல் அவற்றைக் கைவிட்டன.

இதனால், பிள்ளைகள் எதையும் வாசிக்கலாம் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ளவேண்டாம். வெட்டுண்ட தலை குழந்தைக்கு உரியதன்று. கெயின்ஸின் விடையும் பொறுப்புள்ள விடையன்று. நான் கூறுவது இவ்வளவே: எரிக்குமுன் வாசியுங்கள், தண்டிக்குமுன் கேளுங்கள், கேட்டபின், பிள்ளை சொன்னதை உங்கள் அச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அயல்வீட்டுத் தாய் அன்றிரவே புத்தகத்தை முழுவதும் வாசித்தார். மறுநாள் மகளை அருகிருத்திக் கேட்டபோது வந்த விடை அவர் எதிர்பார்த்ததன்று. "வகுப்பிலே எல்லாரும் வாசிக்கினம் அம்மா. நான் மட்டும் பயந்தாங்கொள்ளி எண்டு சிரிக்கினம். எனக்கு உண்மையிலே பயந்தான். அதுதான் உங்கட அறை விளக்கு அணையுமுன்னமே வாசிச்சு முடிச்சிடுவன்."

அதில் ஒரு கதை மட்டும் இப்போதைக்கு வேண்டாமென்று, காரணத்தையும் எடுத்துச் சொல்லிப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாராம். ஏனையவற்றை இருவரும் சேர்ந்தே வாசித்தார்களாம். இப்போது இரவில் விளக்கை அணைக்கத் தயங்குபவர் தாமே என்று நேற்று வேலியோரம் நின்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.