மரமும் ப்ளூஸும்

ப்ளூஸ் வாசிக்க மின்கிதார் வாங்க எண்ணுபவர் பலரும் முதலில் கேட்பது, அதன் உடல் எந்த மரத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்பதே. மஹோகனி என்றால் கனத்த நாதம், ஆஷ் என்றால் கூர்மை, ஆல்டர் என்றால் இரண்டுக்கும் நடுவில் என்றொரு வாய்பாடு நெடுங்காலமாக ஓதப்பட்டு வருகிறது. இவ்வாய்பாட்டை நாம் ஐயத்துடனேயே பார்க்கிறோம்.

மின்கிதாரின் காந்தப் பிக்கப் உணர்வது எஃகுத் தந்தியின் அதிர்வை. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை; பிக்கப், ஆம்ப்ளிஃபயர், விரல் ஆகியவற்றுக்குப் பின்னரே அதன் முறை வருகிறது என்கிறோம்.

வரலாறும் இதற்கே சான்று. மடி வாட்டர்ஸ் கையில் இருந்தது திண்ணுடல் கொண்ட டெலிகாஸ்டர். பி.பி. கிங்கின் 'லூசில்' மேப்பிள் ஒட்டுப்பலகையால் ஆனது. ஹவுண்ட் டாக் டெய்லரோ மலிவான ஜப்பானியக் கிதாரைக் கொண்டே 1971இல் தம் முதல் ஆல்பத்தைத் தந்தார். இவர்களில் எவருடைய ப்ளூஸ் குறைபட்டது?

1950களின் ஃபெண்டர் கிதார்களால் புகழடைந்த சதுப்பு ஆஷ், ப்ளூஸ் பிறந்த அதே மிசிசிப்பியின் கீழ்ப்படுகையில் வளர்வது. ஆஷ் மரங்களை வண்டு அரிக்க, வெள்ளம் வெட்டும் பருவத்தைக் குறுக்க, 2020இல் ஃபெண்டர் நிறுவனமே அதன் பயன்பாட்டைச் சுருக்கிக்கொண்டது. அருகிவரும் மரத்தை இசையின் நிபந்தனையாக்குவது, கையில் கிடைத்ததை மீட்டியவர்களின் கலையைப் பணம் படைத்தவர்களுக்கு எழுதிக் கொடுப்பதாகும்.

ஆகவே, தோள் தாங்கும் எடையா, கழுத்து கைக்கு இணங்குகிறதா என்று பாருங்கள். மிஞ்சும் பணத்தை நல்ல ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். மரம் எதுவாயினும் ஆகுக.